லாரி மோதிய பிறகு: இழப்பீட்டு வழக்கின் நீண்ட பாதை

1987 அக்டோபர் 29, அதிகாலை மூன்று மணி. மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில், தேசிய நெடுஞ்சாலையில் பெட்ரோல் ஏற்றி வந்த டேங்கர் லாரியும் இன்னொரு லாரியும் மோதிக்கொண்டன. டேங்கர் சாலையை விட்டிறங்கிக் கவிழ்ந்தது. பெட்ரோல் கசிந்து அருகிலேயே தேங்கியது. பொழுது விடிவதற்குள் அங்கே கூட்டம் கூடிவிட்டது. ஏழேகால் மணியளவில் வெடித்துத் தீப்பற்றியது. சுற்றி நின்றவர்கள் கருகினார்கள், சிலர் இறந்தார்கள்.

மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் இழப்பீடு கேட்டார். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மறுத்துவிட்டது. மோதல் நடந்து நான்கு மணி நேரம் கழித்து வெடித்தது எப்படி வாகன விபத்தாகும், கவிழ்ந்து கிடந்த வண்டி ஓடிக்கொண்டா இருந்தது என்பது எதிர்த்தரப்பின் வாதம். உயர் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. 1991-ல் உச்ச நீதிமன்றமும் தாயின் பக்கமே நின்றது. ஓட முடியாமல் சாலையோரம் கிடக்கும் வண்டியும் பயன்பாட்டில் உள்ள வண்டிதான், கவிழ்ந்ததன் தொடர்ச்சியாகவே வெடிப்பு நிகழ்ந்தது என்று தீர்ப்பு வந்தது.

இந்தியாவில் கனரக வாகன விபத்து வழக்குகளின் போக்கை இந்த ஒரு வழக்கிலேயே காணலாம். நீதிமன்றங்கள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரின் பக்கமே சட்டத்தை வளர்த்திருக்கின்றன. பொறுப்பு யாருடையது, தொகையை எப்படிக் கணக்கிடுவது, காப்பீட்டு நிறுவனம் எங்கே தப்பலாம், எங்கே தப்ப முடியாது என்பதற்கெல்லாம் இன்று ஓரளவு தெளிவான விடைகள் உண்டு. அந்த விடைகள் ஒரு குடும்பத்தின் கைக்குப் பணமாக வந்து சேர்வதுதான் கடினமாக இருக்கிறது. அது விபத்து நடந்த முதல் சில வாரங்களில் எழுதப்படும், அல்லது எழுதப்படாமல் போகும், காகிதங்களைப் பொறுத்தது.

பிரச்சினையின் அளவு சிறியதல்ல. 2022-ல் நாடு முழுக்க 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் 64,105 உடன் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. கார், பஸ், இரு சக்கர வாகனம் எல்லாம் சேர்ந்த கணக்குத்தான் இது. ஆனால் லாரியின் எடை தனி. 2018-ல் அச்சுச் சுமை வரம்பை மத்திய அரசு உயர்த்திய பிறகு, பல அச்சு லாரி ஒன்று சரக்கோடு சேர்த்து 55 டன் வரை போகலாம். அதன் எதிரே வரும் இருசக்கர வாகனக்காரருக்குச் சிறு விபத்து என்று ஒன்று கிடையாது.

யார் கொடுக்க வேண்டும்?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவுப்படி, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் பொதுச் சாலைக்கு வரக் கூடாது. 2022 ஜூன் முதல் 40 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனத்துக்கு இந்தக் காப்பீட்டின் ஆண்டுப் பிரீமியம் ரூ.44,242 என நிர்ணயிக்கப்பட்டது. உயிரிழப்பு, உடல் காயம் ஆகியவற்றில் தீர்ப்பாயம் விதிக்கும் தொகைக்கு, இழப்பீட்டு மனுவுக்கான 166-வது பிரிவில் உச்சவரம்பு இல்லை. ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது வழக்கம். நடைமுறையில் பணம் வருவது காப்பீட்டு நிறுவனத்திடமிருந்துதான்.

லாரித் தொழிலில் வண்டி கைமாறுவது சகஜம். கையெழுத்துப் போட்ட படிவங்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றில் பெயர் மாற்றாமலேயே வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். வண்டி நாலு கை மாறியபின் விபத்து நடந்தால் யார் உரிமையாளர்? 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பாளி. பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை.

காப்பீடே இல்லாத லாரி என்றால்? அதே ஆண்டில் இன்னொரு வழக்கில், அப்படிப்பட்ட வண்டியை விடுவிக்காமல் ஏலம் விட்டுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் செலுத்தும் விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. வண்டி காவல் நிலைய வளாகத்தை விட்டுப் போவதற்குள் குடும்பம் இதைக் கவனித்தாக வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்தின் எதிர்வாதங்கள்

லாரி வழக்குகளில் காப்பீட்டு நிறுவனத்தின் பதில்மனு பெரும்பாலும் ஒரே வரிசையில் போகும். ஓட்டுநருக்குச் செல்லத்தக்க உரிமம் இல்லை, பெர்மிட் இல்லை, எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று முடிந்துவிட்டது, இறந்தவர் சரக்கு வண்டியில் ஓசியில் ஏறியவர்.

உரிமம் பற்றிய வாதத்துக்கு 2004-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு வரையறை வகுத்தது. உரிமம் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது. உரிமையாளர் தெரிந்தே, கவனமில்லாமல் வண்டியை ஒப்படைத்தார் என்றும் நிறுவனம் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும்கூட மூன்றாம் நபருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் சொல்லலாம். வக்கீல்கள் ‘பே அண்ட் ரெக்கவர்’ என்று சொல்வது இதைத்தான். பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது அடிப்படை மீறல் என்று 2018-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், அந்த வழக்கிலும் இதே வழியைத்தான் காட்டியது.

இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் மினி லாரி ஓட்டலாமா என்ற சர்ச்சை பல ஆண்டுகள் இழுத்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை ஓட்டத் தனி அனுமதி தேவையில்லை என்று 2017-ல் வந்த தீர்ப்பை, 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. தமிழ்நாட்டின் காய்கறிச் சந்தைகளைச் சுற்றி ஓடும் சிறு சரக்கு வண்டிகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

இந்த வரிசையில் பாதிக்கப்பட்டவரை இன்னமும் வீழ்த்தக்கூடியது கடைசி வாதம். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மினி லாரியில் ஊரே ஏறிப்போவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த வண்டி கவிழ்ந்தால்? சரக்கு வாகனத்தில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சென்றால் காப்பீடு உண்டு. சும்மா ஏறிக்கொண்டவர்களுக்குச் சட்டப்படி நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அதற்கு முன் இருந்த சாதகமான தீர்ப்பு ரத்தானது. சில வழக்குகளில் ‘பே அண்ட் ரெக்கவர்’ கிடைத்தது உண்டு. அதை உரிமையாகக் கேட்க முடியாது. ஒரே வண்டியில் பத்துப் பேர் இறந்து, வண்டி உரிமையாளரிடம் அந்த வண்டியைத் தவிர வேறு சொத்து இல்லை என்றால், பத்துக் குடும்பங்களின் தீர்ப்பும் காகிதத்திலேயே நிற்கும். கூலிக்கு ஏறும் லோடுமேன்கள் உரிமையாளரின் ஊழியர்கள் என்று நிரூபித்தால் தொழிலாளர் இழப்பீட்டு அளவுக்காவது காப்பீடு உண்டு.

தவறு யாருடையது?

166-வது பிரிவில் வழக்குப் போடுபவர் ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். குற்ற வழக்கு அளவுக்குச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல்.

லாரி வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்று உண்டு. இரவு நேரம். விளக்கும் இல்லாமல், பிரதிபலிப்புப் பட்டையும் இல்லாமல், எச்சரிக்கை முக்கோணமும் வைக்காமல் நெடுஞ்சாலையில் நிறுத்தியிருக்கும் லாரி. பின்னால் வரும் கார் அதன் அடியில் போய்ச் செருகிக்கொள்கிறது. முன்னால் நின்றதைக் கவனிக்காமல் மோதியவரே குற்றவாளி என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதிவிடுவார்கள். 2011 டிசம்பரில் சாலை நடுவே நிறுத்தப்பட்டிருந்த எரிவாயு டேங்கர் மீது கார் மோதிய வழக்கில் உயர் நீதிமன்றம் பாதித் தவறு கார் ஓட்டியவருடையது என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, முழுத் தவறும் டேங்கர் ஓட்டுநருடையதே என்ற தீர்ப்பாயத்தின் முடிவை மீட்டது. எதிரே வந்த வண்டியின் வெளிச்சத்தில் டேங்கர் தெரியவில்லை என்ற நேரடிச் சாட்சியம் அதற்குத் துணை நின்றது.

இன்னொரு வழக்கமான வாதம் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்பது. தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பெரும் பாரத்தோடு வரும் லாரிகள் கட்டுப்பாட்டை இழந்து முன்னால் போகும் வாகனங்களை நசுக்கிய சம்பவங்கள் பல. டீசலை மிச்சப்படுத்த வண்டியை நியூட்ரலில் இறக்குவதும் அங்கே ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இயந்திரக் கோளாறு என்று சொல்லும் உரிமையாளர், பராமரிப்பில் உரிய கவனம் செலுத்தியும் கண்டுபிடிக்க முடியாத கோளாறு அது என்று தானே நிரூபிக்க வேண்டும் என்பது 1977-லிருந்தே சட்டம். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதித்துக் கொடுக்கும் அறிக்கையில் பிரேக், டயர், விளக்கு பற்றி எழுதும் இரண்டு மூன்று வரிகள் பின்னால் பல லட்சங்களைத் தீர்மானிக்கும்.

இரண்டு லாரிகள் மோதி, இடையில் ஒரு பஸ் பயணி இறந்தால் பொறுப்பைப் பிரிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முழுத் தொகையையும் இரு தரப்பில் ஒருவரிடமே கேட்கலாம் என்று 2015-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு கூறியது. அவர்கள் தமக்குள் பிறகு பிரித்துக்கொள்ளட்டும்.

ஓட்டுநரின் களைப்பு மட்டும் இந்த வழக்குகளில் அநேகமாகப் பேசப்படுவதே இல்லை. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்திருந்தது. அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுநர் பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு அதிகபட்சம் 11 மணி நேரமே ஓட்டலாம். 2017 டிசம்பர் முதல் அந்த நேரம் மின்னணுக் கருவியில் பதிவாகிறது. அங்கே வக்கீல் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான். இங்கும் சுங்கச்சாவடி ஃபாஸ்டாக் பதிவு, ஜி.பி.எஸ்., சரக்கு ரசீது எல்லாம் இருக்கின்றன. எந்த ஊரில் எத்தனை மணிக்குக் கிளம்பினார், எங்கே நிறுத்தினார் என்பதை அவற்றைக் கொண்டே காட்டலாம். கேட்பதற்குத்தான் ஆள் குறைவு.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

ஒரே வயது, ஒரே வருமானம் உள்ள இருவரின் இறப்புக்கு இரண்டு தீர்ப்பாயங்கள் இரண்டு தொகை கொடுத்த காலம் இருந்தது. 2009-ம் ஆண்டின் ‘சரளா வர்மா’ தீர்ப்பு வயதுக்கேற்ற பெருக்கியையும், 2017 அக்டோபர் 31-ல் வந்த ‘பிரணய் சேத்தி’ அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பு எதிர்கால வருமான உயர்வையும் நிலையான தொகைகளையும் வரையறுத்தன. இன்று எந்த ஊர் தீர்ப்பாயத்திலும் இந்த இரண்டு பெயர்களும் தினமும் ஒலிக்கும்.

கற்பனையாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 34 வயதுக் கொத்தனார் ஒருவர் 2024-ல் டிப்பர் லாரி மோதி இறக்கிறார். மாத வருமானம் ரூ.18,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். ஆண்டு வருமானம் ரூ.2,16,000. நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்பவர் என்பதால் 40% கூட்டினால் ரூ.3,02,400. சார்ந்திருப்பவர்கள் நால்வர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கைக் கழித்தால் ரூ.2,26,800. முப்பத்தொன்று முதல் முப்பத்தைந்து வயதுக்குப் பெருக்கி 16. ஆக ரூ.36,28,800. இதோடு ஈமச் செலவு, சொத்திழப்பு, துணையையும் பெற்றவரையும் பிள்ளையையும் இழந்ததற்கான தொகை, மனு போட்ட நாளிலிருந்து வட்டி ஆகியவை சேரும்.

இதே கொத்தனாரின் வருமானத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை, தீர்ப்பாயம் மாதம் ரூ.10,000 என்று யூகித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொகை ரூ.20,16,000 ஆக இறங்கிவிடும். வித்தியாசம் ரூ.16,12,800. மேஸ்திரியின் சாட்சியம், நலவாரிய அட்டை, வங்கிக் கணக்கு, சம்பளம் எழுதிய நோட்டுப் புத்தகம் ஆகியவற்றின் விலை அது.

வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு வருமானம் இல்லை என்று சொல்லித் தள்ளுவதும் இனிச் செல்லாது. இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பிட்டு இழப்பீடு தர வேண்டும் என்பதை 2001-லும் 2021-லும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது.

பிழைத்தவர்களின் வழக்கு இன்னும் நுட்பமானது. மருத்துவக் குழு 45% ஊனம் என்று சான்று கொடுத்தால் வருமான இழப்பும் 45% என்று அர்த்தமில்லை. 2010-ம் ஆண்டின் முக்கியமான தீர்ப்பு ஒன்று இதை விளக்கியது. இடது கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ தன் தொழிலை முழுவதுமாக இழந்துவிடுகிறார். அதே கையை இழந்த அரசு எழுத்தர் வேலையில் தொடரலாம். ஆகவே ஊனம் அந்த மனிதரின் பிழைப்பை எவ்வளவு தின்றது என்று பார்க்க வேண்டும். மருத்துவர் நேரில் வந்து இதைச் சாட்சியமாகச் சொன்னால் வழக்கு வலுப்பெறும்.

மோதிவிட்டு ஓடிய லாரி

2022-ல் மோதிவிட்டு நிற்காமல் போன வாகனங்களால் 67,387 விபத்துகள் நடந்தன. வாகனம் எதுவென்று தெரியாவிட்டால் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.2 லட்சமும், படுகாயத்துக்கு ரூ.50,000-மும் 161-வது பிரிவுப்படி அரசுத் திட்டத்தில் கிடைக்கும். 2022 ஏப்ரலுக்கு முன் இது வெறும் ரூ.25,000-மும் ரூ.12,500-மும்தான். மனுவை வட்டாட்சியர் நிலை அதிகாரி விசாரிப்பார், கலெக்டர் அனுமதிப்பார். இதற்கு வக்கீல்கூடத் தேவையில்லை.

ஆனால் 2022–23 நிதியாண்டில் நாடு முழுவதும் இந்தத் திட்டத்தில் வந்த மனுக்கள் 205. முடித்துவைக்கப்பட்டவை 95.

இந்த எண்கள் உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்ததில் கோயம்புத்தூருக்குப் பங்குண்டு. கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில்தான் 2024 ஜனவரியில் நீதிமன்றம் உத்தரவிட்டது: வாகனம் அடையாளம் தெரியாவிட்டால், இப்படியொரு திட்டம் இருப்பதைக் காவல் துறையே குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதே வழக்கின் தொடர்ச்சியாக 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள் வரை ரூ.1.5 லட்சம் அளவுக்குக் கட்டணமில்லா சிகிச்சை உண்டு.

ஓடிப்போகும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு சொன்னதும் 2024 புத்தாண்டில் லாரி ஓட்டுநர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தார்கள். நின்றால் கூட்டம் அடித்துக் கொன்றுவிடும் என்பது அவர்களுடைய பயம். அந்தப் பயமும் பொய்யல்ல. மற்ற பிரிவுகள் 2024 ஜூலையில் அமலுக்கு வந்தபோது இந்தப் பிரிவு நிறுத்திவைக்கப்பட்டது.

ஓட்டுநரும் பல நேரம் பாதிக்கப்பட்டவரே. வேறு வண்டியின் தவறால் இறந்தால் அவர் குடும்பம் தீர்ப்பாயத்துக்கோ தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடமோ போகலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தன் தவறாலேயே இறந்தவரின் குடும்பத்துக்கு 166-வது பிரிவு உதவாது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் உதவும். 1923-ம் ஆண்டின் சட்டத்தில் கணக்கிடப்பட்ட மாதச் சம்பளத்துக்கு ரூ.15,000 என்ற வரம்பு இருந்ததால், நாமக்கல்லிலிருந்து குஜராத் வரை வண்டி ஓட்டும் மனிதரின் உயிருக்குக் கிடைத்தது அவர் உண்மையான வருமானத்துக்குப் பொருத்தமில்லாத தொகை.

ஆறு மாதக் கதவு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் இழப்பீடு பற்றிய பிரிவுகள் 2022 ஏப்ரல் 1 முதல் அமலானபோது, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. 1988-ம் ஆண்டின் மூலச் சட்டத்திலும் இதே கெடு இருந்தது. ஏழைகளை அது வெளியே தள்ளுகிறது என்றுதான் 1994-ல் நீக்கினார்கள். நீக்கிய கதவை மறுபடி பொருத்தியது நியாயமில்லை. இடுப்பெலும்பு முறிந்து மூன்று அறுவை சிகிச்சை செய்துகொண்டிருப்பவருக்கு ஆறு மாதம் மருத்துவமனையிலேயே போய்விடும். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகளில், காலதாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இறுதித் தீர்ப்பு வரும்வரை இடைக்கால உத்தரவை மட்டும் நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

கெடு வந்த அதே நாளில் நல்ல விதிகளும் வந்தன. காவல் துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தர வேண்டும். பத்து நாளில் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். 90 நாளில் உரிமம், பெர்மிட், எஃப்.சி., காப்பீடு, வரைபடம், புகைப்படம் எல்லாம் அடங்கிய விரிவான அறிக்கை போக வேண்டும். அதன்பின் 30 நாளில் நிறுவனம் தொகையை முன்வைக்க வேண்டும். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுவதும் அமலாக்கச் சொன்னது. முறையாக நடந்தால், கலெக்டர் அலுவலகத்துக்கு வழி தெரியாத விதவை ஒருவர் ஆர்.சி. நகலுக்காக அலையும் நிலை மாறும். மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. கிருஷ்ணகிரியில் இறந்தவரின் குடும்பம் தென்காசியில் இருந்தால் தென்காசியிலேயே எம்.சி.ஓ.பி. எனப்படும் இழப்பீட்டு மனுவைப் போடலாம்.

பொய் வழக்குகளும் உண்டு என்பதை மறுக்க முடியாது. உத்தரப் பிரதேசத்தில் நடக்காத விபத்துக்கும் வேறு வண்டியைக் காட்டியும் மனுக்கள் போனதால் 2015-ல் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க நேர்ந்தது. 48 மணி நேரத்தில் பதிவாகும் அறிக்கை அதற்கும் நல்ல மருந்து.

தீர்ப்புக்குப் பிறகும் பணம் வழியிலேயே நிற்கிறது. தீர்ப்பாயங்களில் செலுத்தப்பட்டு யாரும் பெற்றுக்கொள்ளாத தொகை பல நூறு கோடி ரூபாய் என்று தெரியவந்து உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. வீடு மாறியவர்கள், வக்கீலோடு தொடர்பு அறுந்தவர்கள், மேல்முறையீடு முடிந்ததே தெரியாதவர்கள். 2025-ல் நீதிமன்றம் தொகையை நேராக வங்கிக் கணக்கில் செலுத்தவும், மனுவிலேயே கணக்கு விவரம், முகவரி வாங்கி வைக்கவும், பெறாதவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கவும் உத்தரவிட்டது.

தேவைப்படுபவை புதிய சட்டங்கள் அல்ல, சில திருத்தங்களும் கண்காணிப்புமே. ஆறு மாதக் கெடுவை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். சரக்கு வண்டியில் ஏறிச் சென்று இறந்தவர்களுக்கும் குறைந்தபட்சத் தொகை கிடைக்க மோட்டார் வாகன விபத்து நிதியிலிருந்து வழி செய்ய வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் விபத்து நடந்த பத்து நாளுக்குள் உரிமைகளைச் சொல்லும் படிவம், படிக்கத் தெரிந்த தமிழில், குடும்பத்தின் கையெழுத்தோடு ஒப்படைக்கப்பட்டதா என்பதை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் தீர்ப்பாய நீதிபதியும் மாதந்தோறும் பட்டியல் போட்டுச் சரிபார்க்க வேண்டும்.